துகள் முடுக்கியில் 1.6 கோடி வோல்ட் எதற்கு?

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சுவிட்சர்லாந்து – பிரான்ஸ் எல்லைக்குக் கீழே, எல்.எச்.சி (லார்ஜ் ஹாட்ரான் கொலைடர்) என்ற துகள் முடுக்கி ஓடுகிறது. சுற்றளவு 26,659 மீட்டர். அந்த வட்டத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பவை காந்தங்கள். ஆனால் புரோட்டான்களுக்கு ஆற்றல் ஏறுவது ஒரே ஓர் இடத்தில்தான். வட்டத்தை எட்டு முனைகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் நான்காம் முனை. அங்கே ஒரு கற்றைக்கு எட்டு, எதிர்த்திசையில் ஓடும் இன்னொரு கற்றைக்கு எட்டு என்று பதினாறு உலோகக் கூடுகள் இருக்கின்றன. ஆர்.எஃப். கேவிட்டி என்பது அவைதான். ரேடியோ அதிர்வெண்ணில் திசை மாறி மாறி அடிக்கும் மின்புலத்தை உள்ளே அடைத்து வைத்திருக்கும் கூடு.

வடிவமைப்புக் கணக்குப்படி ஒரு கேவிட்டி 20 லட்சம் வோல்ட் தரும். எட்டும் சேர்ந்தால் 1.6 கோடி வோல்ட். ஒரு வோல்ட்டைக் கடக்கும் புரோட்டானுக்குக் கூடும் ஆற்றல்தான் ஓர் எலக்ட்ரான் வோல்ட். அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புரோட்டானுக்கு 1.6 கோடி எலக்ட்ரான் வோல்ட் கூடும் என்றுதானே நினைப்போம்? ஆற்றல் ஏற்றும் நேரத்தில் உண்மையில் அதற்குக் கிடைப்பது சுற்றுக்கு 4.85 லட்சம். நூற்றுக்கு மூன்று. உச்ச ஆற்றலை எட்டிய பிறகு, மணிக்கணக்கில் மோதல் நடக்கும் நேரத்தில், அதுவும் வேண்டாம். ஒரு புரோட்டான் சுற்றுக்கு சுமார் 7,000 எலக்ட்ரான் வோல்ட்டை ஒளியாக இழக்கிறது, அதை ஈடுகட்டினால் போதும். ஆனாலும் வடிவமைப்பின்படி 1.6 கோடி வோல்ட்டைக் குறைக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

மீதி எதற்கு? பாடப்புத்தகங்களில் 'கேவிட்டி துகளைத் தள்ளுகிறது' என்ற ஒரு வரியோடு கடந்துபோய்விடுகிறோம். தள்ளுவது அதன் வேலையில் சிறுபகுதி. சிதறி ஓடப் பார்க்கும் புரோட்டான்களைக் கொத்தாகப் பிடித்து வைத்திருப்பதுதான் பெரும்பகுதி. இரண்டையும் ஒரே மின்புலம் எப்படிச் செய்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

காந்தத்தை விட்டு மின்புலத்துக்கு

காந்தப்புலம் ஓடும் துகளை வளைக்கும். அதன் ஆற்றலைக் கூட்டாது. காந்த விசை எப்போதும் ஓட்டத்துக்குச் செங்குத்தாகவே விழுவதுதான் காரணம். ஆற்றல் கூட வேண்டுமென்றால் ஓடும் திசையிலேயே தள்ளும் மின்புலம் வேண்டும்.

பெரிய பேட்டரியைப் போல மாறாத ஒரு மின்னழுத்தத்தை வட்டத்தில் ஓரிடத்தில் வைத்தால் போதாதா? போதாது. மலைக்கோயிலுக்குப் படியேறிப் போய் வேறு வழியாக இறங்கினாலும், அடிவாரத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சமம்தான். மாறாத மின்புலத்துக்கும் இதே கணக்கு. இடைவெளியில் கொடுத்ததை, மீதிச் சுற்றில் திரும்ப வாங்கிக்கொள்ளும். வட்டமாகச் சுற்றவைத்து ஆற்றல் ஏற்ற வேண்டுமானால் புலம் நேரத்துக்கு நேரம் மாறியே ஆக வேண்டும்.

மாறும் புலத்தால் ஆற்றல் ஏற்றலாம் என்பதை, வட்டத்தில் அல்ல, நேர்கோட்டில் முதலில் செய்து காட்டியவர் ரால்ஃப் விடரோ. ஜெர்மனியின் ஆகன் நகரில் 1920-களின் கடைசியில் அவர் செய்த சோதனையில், 25,000 வோல்ட் மாறுமின்னழுத்தத்தை ஒரே துகளுக்கு இரண்டு முறை கொடுத்து 50,000 வோல்ட்டுக்கு உரிய ஆற்றலைப் பெற்றார். துகள் ஒரு உலோகக் குழாய்க்குள் மறைந்து ஓடும் நேரத்தில் அழுத்தம் திசை மாறிவிடும். வெளியே வரும்போது மறுபடியும் முன்னோக்கித் தள்ளும். அந்தக் கட்டுரையை 1929-இல் கலிஃபோர்னியாவில் புரட்டிப் பார்த்த எர்னஸ்ட் லாரன்ஸுக்கு ஜெர்மன் மொழி அவ்வளவாக வராது. படங்களைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். துகளைக் காந்தத்தால் சுற்றவைத்து ஆற்றல் ஏற்றும் சைக்ளோட்ரான் அங்கிருந்துதான் பிறந்தது.

குடமும் கேவிட்டியும்

குழாயடியில் குடம் நிறையும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். காலிக் குடத்தில் தண்ணீர் விழும்போது அடிக்குரலில் 'கும்' என்று ஒலிக்கும். நீர் ஏற ஏறச் சுருதியும் ஏறும். பழகியவர்கள் குடத்தைப் பார்க்காமலே, காதில் கேட்டே குழாயை மூடிவிடுவார்கள். உள்ளே இருக்கும் காற்றுவெளி எவ்வளவு நீளமோ அதற்கேற்ற ஒரு சுருதி அதற்கு உண்டு. அந்தச் சுருதியை மட்டும் அது பெருக்கிக் கொடுக்கும். இதுதான் ஒத்ததிர்வு.

கேவிட்டி என்பது மின்காந்த அலைக்குச் செய்த குடம். காற்றுக்குப் பதில் உள்ளே வெற்றிடம். ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. கூடு பெரிதானால் அதிர்வெண் குறையும், சிறிதானால் கூடும். எல்.எச்.சி கேவிட்டியின் சுருதி 400 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 கோடி அதிர்வு. அந்த அலையின் நீளம் 75 சென்டிமீட்டர். கூட்டின் நடுவே, கற்றை போகும் பாதையின் நேராக, மின்புலம் ஒரு கணம் முன்னோக்கியும் அடுத்த கணம் பின்னோக்கியும் அடித்துக்கொண்டிருக்கும். இரு பக்கத்திலும் துளை. அதன் வழியே புரோட்டான் நுழைந்து வெளியேறும். சுருதி கொஞ்சம் பிசகினால் கூட்டை மயிரிழை அளவுக்கு இழுத்துக் கொடுத்துச் சரிசெய்யும் பொறியும் கூடவே இருக்கிறது. தம்புராவின் தந்தியில் மணியை நகர்த்திச் சுருதி சேர்ப்பது போன்ற வேலை.

கூடு செம்பால் ஆனது. ஆனால் அலை தொடுவது செம்பை அல்ல. உட்சுவரில் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமனில் நயோபியம் படிந்திருக்கிறது. திரவ ஹீலியத்தில் 4.5 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 268 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் நயோபியம் மீக்கடத்தியாகிவிடும். சுவரில் ஓடும் மின்னோட்டத்துக்குத் தடையே இல்லை என்று சொல்லுமளவு இழப்பு குறைந்துவிடும். சாதாரணச் செம்புக் கூட்டை ஒருமுறை 'தட்டி' விட்டால் பத்து இருபது மைக்ரோ நொடியில் அதிர்வு அடங்கிவிடும். மீக்கடத்திக் கூட்டை வெளி இணைப்பெல்லாம் துண்டித்துத் தனியே விட்டால், ஒரு நொடிக்கு நெருக்கமாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்துக்குள் கோடிக்கணக்கான அதிர்வுகள். அதிர்வுகளின் எண்ணிக்கையில் நல்ல கோயில் மணியின் கார்வைகூட இதன் முன் நிற்காது.

இந்த அதிர்வை ஊட்டி வளர்ப்பது கிளைஸ்ட்ரான் என்ற மின்னணுக் குழாய். கேவிட்டிக்கு ஒன்று வீதம், ஒவ்வொன்றும் 300 கிலோவாட்.

இனி நேரக் கணக்கு. புரோட்டான் நொடிக்கு 11,245 முறை சுற்றுகிறது. அது ஒரு சுற்று முடிக்கும் நேரத்தில் கேவிட்டி சரியாக 35,640 முறை அதிர வேண்டும். முழு எண்ணாக இருப்பதுதான் முக்கியம். முழு எண்ணாக இருந்தால்தான் புரோட்டான் ஒவ்வொரு முறை வரும்போதும் அலையின் அதே கட்டத்தில் வந்து நிற்கும்.

உச்சியில் ஏன் நிற்கக்கூடாது

அலையின் எந்தக் கட்டத்தில் வந்து நிற்பது நல்லது? மின்புலம் உச்சத்தில் இருக்கும்போதுதானே அதிகம் தள்ளும், அங்கேயே வரட்டும் என்று தோன்றும். படிக்கத் தொடங்கியபோது நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது தவறு. ஏன் என்று பார்க்க மூன்று புரோட்டான்களை எடுத்துக்கொள்வோம். நடுவன் சரியான ஆற்றலோடு சரியான நேரத்துக்கு வருபவன். முந்தி கொஞ்சம் சீக்கிரம் வருபவன். பிந்தி கொஞ்சம் தாமதமாக வருபவன்.

முதலில் வேகம் குறைந்த ஒரு முடுக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆற்றல் கூடியவனுக்கு வேகமும் கூடுதல். அதனால் முந்தி சீக்கிரம் வந்துவிடுகிறான். நடுவன் அலையின் உச்சியில் நின்றால் என்ன ஆகும்? முந்திக்கும் உச்சத்தைவிடக் குறைவு, பிந்திக்கும் குறைவு. ஏற்கனவே பின்தங்கிய பிந்தி நடுவனைவிடக் குறைவாகப் பெற்று இன்னும் பின்தங்குவான். அடுத்த சுற்றில் இன்னும் மோசம். கூட்டம் கலைந்துவிடும்.

நடுவனை அலை ஏறிக்கொண்டிருக்கும் சரிவில் நிறுத்துங்கள். முந்தி வரும்போது அலை இன்னும் முழுதாக ஏறவில்லை. அவனுக்குக் கொஞ்சம் குறைவு. பிந்தி வரும்போது அலை மேலும் ஏறியிருக்கும். அவனுக்குக் கொஞ்சம் கூடுதல். முந்தி நிதானமாகிறான், பிந்தி எட்டிப் பிடிக்கிறான். யாரும் தனித்தனியாகப் பார்த்துச் சரிசெய்யவில்லை. வந்த நேரமே ஒவ்வொருவனுக்கும் உரிய பங்கை அளந்து கொடுத்துவிடுகிறது.

பிந்தி எட்டிப் பிடித்ததும் அங்கேயே நிற்க மாட்டான். சேர்த்து வைத்த கூடுதல் ஆற்றலோடு நடுவனைத் தாண்டிப் போய் அவனே முந்தியாகிவிடுவான். பிறகு குறைவாகப் பெற்றுத் திரும்புவான். ஊஞ்சல் மாதிரி நடுவனைச் சுற்றி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பார்கள். எல்.எச்.சி-யின் உச்ச ஆற்றலில் இந்த ஆட்டம் நொடிக்கு சுமார் 23 முறை. ஒரு ஆட்டம் முடிய ஏறக்குறைய 490 சுற்று. குவிக்கும் லென்ஸ் ஒளியைக் குறுக்குவாட்டில் ஒரு புள்ளிக்குச் சேர்ப்பதுபோல, கேவிட்டி துகள்களை ஓடும் திசையில், முன்பின்னாகச் சேர்க்கிறது. குவித்தல் என்று சொல்வது இந்தப் பொருளில்தான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இருவர், தனித்தனியாக: சோவியத் ஒன்றியத்தில் விளாதிமிர் வெக்ஸ்லர் 1944-இல், அமெரிக்காவில் எட்வின் மெக்மில்லன் 1945-இல். கட்ட நிலைப்பு என்று இதற்குப் பெயர். இது இல்லாமல், ஆற்றலோடு சேர்த்துக் காந்தப்புலத்தையும் ஏற்றிக்கொண்டே போகும் சின்க்ரோட்ரான் என்ற வகை முடுக்கியே இல்லை. வட்ட முடுக்கிகளின் வரலாற்றில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேறில்லை என்பேன்.

சரிவு திரும்பும் இடம்

ஆற்றல் ஏற ஏற ஒரு திருப்பம் வருகிறது. ஒளியின் வேகத்தை நெருங்கிய பிறகு வேகம் கூட இடமில்லை. ஆனால் ஆற்றல் கூடியவனைக் காந்தம் வளைப்பது கொஞ்சம் கடினம். அவன் வெளிப்பக்கமாக ஒதுங்கி ஓடுவான். ஓட்டப் பந்தயத் திடலில் வெளித்தடத்தில் ஓடுபவனுக்குச் சுற்று நீளம் அதிகம். வேகம் ஒன்றே, தூரம் அதிகம். ஆகவே ஆற்றல் கூடியவன் இப்போது தாமதமாக வருகிறான்!

முந்தியும் பிந்தியும் இடம் மாறிவிட்டார்கள். ஏறும் சரிவில் தாமதமாக வருபவனுக்குக் கூடுதல் கொடுத்தால், ஏற்கனவே அதிகம் உள்ளவனுக்கே மேலும் கொடுத்ததாகும். கூட்டம் சிதறிவிடும். இந்த எல்லையைக் கடந்ததும் கொத்தை இறங்கும் சரிவுக்கு மாற்றியாக வேண்டும். கற்றையை நகர்த்த முடியாது. அலையின் கட்டத்தைச் சட்டென்று தாவவைக்க வேண்டும்.

எல்.எச்.சி-யை நடத்தும் ஐரோப்பிய ஆய்வகமான செர்னின் பி.எஸ். (புரோட்டான் சின்க்ரோட்ரான்) முடுக்கி 1959-இல் இந்த இடத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. அதில் இந்த எல்லை சுமார் 6 கிகா (கிகா என்றால் நூறு கோடி) எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். வாரக்கணக்கில் முயன்றும் கற்றை அந்த எல்லைவரைகூடப் போகாமல் வழியிலேயே மறைந்துகொண்டிருந்தது. வுல்ஃப்கேங் ஷ்னெல் என்ற இளம் பொறியாளர், கற்றை எங்கே ஓடுகிறது என்பதைப் பார்த்து அதற்கேற்ப அலையின் கட்டத்தைத் திருத்தவும், எல்லையில் கட்டத்தைத் தாவவைக்கவும் ஒரு மின்சுற்றைக் கட்டினார். அதை வைக்க அவர் எடுத்தது ஒரு நெஸ்கஃபே டின். நவம்பர் 24 மாலை அந்த டின்னை இணைத்தார்கள். கற்றை எல்லையைத் தாண்டி 24 கிகா எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியது. அதுவரை 10 கிகா எலக்ட்ரான் வோல்ட்டோடு உலகச் சாதனையை வைத்திருந்தது சோவியத்தின் துப்னா ஆய்வகம். தங்களை மிஞ்சும் நாளில் குடிக்கச் சொல்லி அவர்கள் ஒரு வோட்கா பாட்டிலைக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் திட்டத் தலைவர் ஜான் ஆடம்ஸ் காலியான அந்தப் பாட்டிலைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டினார்.

எண்களோடு எல்.எச்.சி-க்குள்

எல்.எச்.சி-க்குள் புரோட்டான்கள் 450 கிகா எலக்ட்ரான் வோல்ட்டோடுதான் நுழைகின்றன. திருப்ப எல்லையை எப்போதோ தாண்டியாகிவிட்டது. எனவே தொடக்கம் முதலே இறங்கும் சரிவு.

ஒரு புரோட்டானின் ஆற்றல், இருக்க வேண்டியதைவிடப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கொத்துக்குள் இந்த அளவு வேறுபாடு சாதாரணம். அவன் ஓடும் பாதை 27 கிலோமீட்டரில் சுமார் 0.9 மில்லிமீட்டர் கூடுதல். அற்பம் என்று தோன்றும். ஆனால் நொடிக்கு 11,245 சுற்று! ஒரே நொடியில் 9 மீட்டருக்கு மேல் பின்தங்கிவிடுவான். அடுத்த கொத்து 7.5 மீட்டர் தள்ளித்தான் வருகிறது. கேவிட்டியை அணைத்தால் ஒரு நொடிக்குள் அவன் அடுத்த கொத்துக்குள் போய்விடுவான்.

1.6 கோடி வோல்ட்டின் வேலை இங்கேதான். அந்த அலையின் சரிவு அவ்வளவு செங்குத்து: பிக்கோ நொடிக்குச் சுமார் 40,000 வோல்ட். ஒரு பிக்கோ நொடி என்றால் புரோட்டான் 0.3 மில்லிமீட்டர் ஓடும் நேரம். கால் மில்லிமீட்டர் சொச்சம் விலகினாலே 40,000 எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம். சரிவு எவ்வளவு செங்குத்தோ பிடி அவ்வளவு இறுக்கம். நடுவன் நிற்பது பூஜ்ஜியத்துக்கு மிக அருகில், அவனுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். இரு பக்கமும் எழும் சரிவுதான் கூட்டத்தைக் காக்கிறது.

ஆற்றல் ஏற்றும்போது நடப்பது இன்னும் அழகு. 'சுற்றுக்கு 4.85 லட்சம் கொடு' என்று கேவிட்டிக்கு யாரும் கட்டளை இடுவதில்லை. வளைக்கும் காந்தங்களின் புலத்தை 0.54 டெஸ்லாவிலிருந்து 8.33 டெஸ்லாவை நோக்கி மெதுவாக ஏற்றுகிறார்கள். புலம் கொஞ்சம் கூடியதும் புரோட்டான்கள் சற்றே அதிகமாக வளைகின்றன. பாதை உள்ளொடுங்கிச் சுருங்குகிறது. அதனால் சீக்கிரம் வருகின்றன. இறங்கும் சரிவில் சீக்கிரம் வந்தால் கூடுதல் தள்ளு. ஆற்றல் ஏறிப் பாதை பழைய நீளத்துக்கு வருகிறது. முழு அழுத்தத்தில் கணக்குப் போட்டால், 12 பிக்கோ நொடி முன்னால் வந்து நின்றாலே 4.85 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் கிடைத்துவிடும். காந்தம் இழுத்த வேகத்துக்குக் கொத்து தானே சரிவில் நகர்ந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இப்படியே சுமார் 20 நிமிடம், ஒரு கோடிக்கு மேற்பட்ட சுற்றுகள். அத்தனைக்கும் கேவிட்டியின் அதிர்வெண் 1 கிலோஹெர்ட்ஸ்கூட மாறுவதில்லை; வேகம் அந்த அளவுக்கு ஒளியை ஒட்டி நிற்கிறது.

இந்தப் பிடிக்கும் எல்லை உண்டு. அலை ஒவ்வொன்றும் ஒரு வாளி மாதிரி. துறையில் இருப்பவர்கள் பக்கெட் என்றே சொல்வார்கள். வட்டம் முழுக்க 35,640 பக்கெட். வடிவமைப்பில் அவற்றில் 2,808 மட்டும் நிரப்பப்படும், ஒவ்வொன்றிலும் சுமார் 11,500 கோடி புரோட்டான். பக்கெட்டின் விளிம்பைத் தாண்டி வழிந்த புரோட்டானுக்கு ஆற்றல் ஏறாது. காந்தப்புலம் ஏறிக்கொண்டே போக, அது உட்பக்கமாகச் சரிந்து, அதற்கென்றே வைத்த தடுப்புக் கட்டையில் மோதி முடியும்.

எலக்ட்ரான் வளையங்களில் நிலைமை வேறு. எடை குறைந்த எலக்ட்ரான் வளையும்போது ஏராளமான ஆற்றலை ஒளியாகக் கொட்டிவிடும். எல்.எச்.சி-க்கு முன் இதே சுரங்கத்தில் இருந்த லெப் முடுக்கியில், கடைசி ஆண்டுகளில், ஒரு எலக்ட்ரான் சுற்றுக்குச் சுமார் 3 கிகா எலக்ட்ரான் வோல்ட் இழந்தது. அதை ஈடுகட்ட 288 மீக்கடத்திக் கேவிட்டிகள். நம் நாட்டில் இந்தூரில் உள்ள இண்டஸ்-2 வளையத்தில் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்கள் சுற்றுக்கு 6 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இழக்கின்றன. அங்கே 505.8 மெகாஹெர்ட்ஸ் கேவிட்டிகள் இழந்ததை ஊட்டியபடியே கொத்தையும் பிடித்து வைக்கின்றன. அந்த வளையம் கட்டப்பட்டதே அந்த ஒளிக்காகத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கற்றை பக்கவாட்டில் விரிந்து குழாய்ச் சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொள்வது கேவிட்டியின் வேலை இல்லை. அதற்கு நான்முனைக் காந்தங்கள் இருக்கின்றன. உண்மையில் ஏறும் சரிவில் முன்பின்னாகக் குவிக்கும் கேவிட்டி, பக்கவாட்டில் துளியளவு விரிக்கவே செய்யும். உயர்ந்த ஆற்றலில் அது பொருட்படுத்தத் தக்கதல்ல.

கேவிட்டி திடீரென நின்றுபோனால் என்ன ஆகும்? வட்டத்தில் 3 மைக்ரோ நொடி அளவுக்கு ஓரிடத்தைக் கொத்தே இல்லாமல் காலியாக வைத்திருக்கிறார்கள். கற்றையை வெளியே திருப்பும் காந்தங்கள் முழு வலுவுக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். அந்தக் காலி இடம் கடக்கும்போதுதான் அவை உயிர்பெறும். பிடி விட்ட புரோட்டான்கள் முன்னும் பின்னும் பரவி அந்த இடத்தில் நிரம்பினால், பாதி வலுவில் இருக்கும் காந்தம் அவற்றை அரைகுறையாகத் திருப்பிப் பக்கத்துக் கருவிகள்மேல் அடித்துவிடும். முழுக் கற்றையில் 362 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதனால் காலி இடம் நிரம்பும்வரை காத்திருப்பதில்லை. கேவிட்டி விழுந்தது தெரிந்த உடனே, கொத்துகள் இன்னும் கொத்துகளாக இருக்கும்போதே, கற்றை முழுவதையும் வெளியே திருப்பி, அதற்கென்று வைத்திருக்கும் கிராஃபைட் கட்டைக்குள் செலுத்திவிடுகிறார்கள்.